நாலடி பேஸ்மட்டம்

ஜூலை 6, ஞாயிறு

இந்த டைரியை ஜனவரியில் உரக்கடைக்காரர் கொடுத்தார். ஆறு மாதம் மில்லில் கல்லாவுக்கு அடியில் கிடந்ததில் மிளகாய்த்தூள் ஏறிவிட்டது. பக்கம் புரட்டினால் தும்மல் வருகிறது. முதல் பக்கத்தில் பெயர் கேட்டிருக்கிறார்கள்: தெய்வசிகாமணி. தொழில்: மாவு மில், குறிஞ்சிப்பாடி. படிப்பு கேட்கவில்லை, நல்லவர்கள். கேட்டால் பத்தாவது வரை என்று எழுதியிருப்பேன். பாஸா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்: மனைவி அஞ்சலாட்சி. அவள் இப்போது புதுச்சேரியில், மறுவாழ்வு மையத்தில் மகளோடு இருக்கிறாள். ஆகவே அவசரம் எதுவும் வராமல் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எழுதத் தொடங்கியதற்குக் காரணம் வீடு. வீடு கட்டுகிறவன் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று மச்சான் ராசவேலு சொன்னான். அவன் இரண்டு வீடு கட்டியவன். இரண்டையும் எதையும் எழுதாமல்தான் கட்டினான்.

மகள் வினோதினிக்கு இருபத்துமூன்று வயது. கடலூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். மார்ச் மாதம் ஸ்கூட்டியில் வரும்போது லாரிக்கு ஒதுங்கி வாய்க்கால் மதகில் விழுந்தாள். முதுகெலும்பில் அடி. இப்போதைக்கு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. அக்டோபர் கடைசியில் அனுப்பிவிடுவார்கள். நாங்கள் குடியிருப்பதோ வாடகை மாடி. படிக்கட்டு முறுக்கு மாதிரி சுற்றிக்கொண்டு போகும். நானே பாதியில் நின்று சுவரைப் பாராட்டிவிட்டுத்தான் ஏறுவேன்.

ஆண்டவர் நகரில் ஒரு மனை பல வருஷமாகச் சும்மா கிடக்கிறது. கொத்தனார் வைத்துக் கட்டினால் ஒரு வருஷம் ஆகும். வினோதான் படுக்கையில் இருந்தபடியே போனில் தேடிக் கண்டுபிடித்தாள். ஃபேக்டரியிலேயே வீட்டைச் செய்து, இரண்டு மூன்று துண்டாக லாரியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்களாம். நமக்கு வேண்டிய மாதிரி அளவு சொல்லிச் செய்துகொள்ளலாம். மூன்று மாதம் போதுமாம்.

"இட்லிக் குண்டான அடுப்புல தூக்கி வைக்கிற மாதிரி வச்சிட்டுப் போயிருவாங்கப்பா" என்றாள்.

மார்ச்சுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு. அங்கேயே சரி சொல்லிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

ஃபேக்டரியிலிருந்து ஜெனிட்டா என்ற பெண் போன் செய்தாள். கேள்வி மேல் கேள்வி. மனைக்குப் போகும் ரோடு எத்தனை அடி, கரண்டு கம்பி எவ்வளவு உயரம், லாரி திரும்ப இடம் உண்டா, மண் களியா மணலா, செப்டிக் டேங்க் எங்கே வரும். பெண் பார்க்கப் போனபோது என் மாமனார்கூட இத்தனை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கல்யாணம் ஆகியிருக்காது.

கடைசியில் சொன்னாள்: "வீடு எங்க பொறுப்பு சார். தரை உங்க பொறுப்பு. பேஸ்மட்டத்த மட்டும் நீங்க போட்டுத் தரணும். படத்துல இருக்கற மாதிரியே போட்டுடுங்க."

"ஜமாய்ச்சிடலாம்மா" என்றேன்.

ஆடி பிறக்க ஒரு வாரம்தான் இருக்கிறது. அதற்குள் பூஜை போட வேண்டும். ஜோசியரிடம் போனேன். ஃபேக்டரியில் செய்து வருகிற வீடு கட்டுவதா, வாங்குவதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்.

ஜூலை 20, ஞாயிறு

புதுச்சேரி போய் வந்தேன். வினோ கட்டம் போட்ட தாளில் வீட்டை வரைந்து வைத்திருந்தாள். ஒரு அறை, கூடம், சமையல், குளியலறை. கதவெல்லாம் அகலம். எந்த வாசலிலும் படி கிடையாது. சுவிட்ச், தண்ணீர்த் தொட்டி, அடுப்பு மேடை எல்லாம் உட்கார்ந்தபடியே எட்டும் உயரம். அஞ்சலாட்சி மட்டும் நிலைவாசலுக்குப் படி இல்லாவிட்டால் லட்சுமி எப்படி வருவாள் என்று கேட்டாள்.

"லட்சுமிக்குக் காலு நல்லாதாம்மா இருக்குது. எப்படியும் வந்துடுவா" என்றாள் வினோ.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா, ஒண்ணே ஒண்ணுதான். நானா உள்ள போவணும், நானா வெளிய வரணும். யாரும் என்னத் தூக்கக் கூடாது. இங்க தெனம் தூக்கறாங்க. தூக்கறப்பல்லாம் 'பாப்பா பயப்படாத'ன்னு சொல்றாங்க. பயமில்ல எனக்கு. அசிங்கமா இருக்குது."

"உன் வீடும்மா. நீ சொல்றதுதான்" என்றேன்.

டாக்டர் தனியாக அழைத்துப் பேசினார். நல்ல மனிதர், படமெல்லாம் வரைந்து விளக்கினார். பாதி ஆங்கிலம். எனக்குப் புரிந்தவரை, இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது. கூட இருந்த அஞ்சலாட்சிக்கு வேறு மாதிரி புரிந்திருக்கிறது. பஸ் ஏற்றிவிட வந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது.

ஜூலை 27, ஞாயிறு

மனையில் கொத்தனார் கலியபெருமாளும் ராசவேலுவும் நானும். ஃபேக்டரி அனுப்பிய படத்தை விரித்தேன். கலியபெருமாள் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

"ஒசரம் என்னாய்யா போட்டிருக்குது?"

"அரை அடி."

சிரித்தார். சிரித்ததில் வெற்றிலை என் சட்டையில் பட்டது. "அரை அடியா? மாட்டுக் கொட்டாய்க்கே பத்தாதே. மெட்ராஸ்ல ஒக்காந்து கோடு போடறவனுக்கு நம்ம ஊர் மழை என்னா தெரியும்?"

ராசவேலு சேர்ந்துகொண்டான். "மாமா, போன மழையில எங்க வீட்டுல கட்டிலு மேல கட்டிலப் போட்டு ஒக்காந்திருந்தோம். மறந்துட்டியா? இதுல ரோடு வேற போட்டுப் போட்டு ஏத்தறான். இன்னும் ரெண்டு தடவ போட்டான்னா உன் வீட்டுக்கு ஏணி வச்சிதான் எறங்கணும்."

பக்கத்து வீடு ஞானசேகர் வாத்தியாருடையது. அவர் பேஸ்மட்டம் மூன்றரை அடி. "அவரு வீட்டுத் தண்ணி பூரா நம்ம வாசல்லதான் நிக்கும். நாலு போடுய்யா" என்றார் கலியபெருமாள்.

"பாப்பா வீல்சேர்ல வருமே" என்றேன்.

ராசவேலு என் தோளில் கை போட்டான். "வீடு அம்பது வருஷத்துக்கு மாமா. வீல்சேரு அஞ்சு மாசத்துக்கு. தை பொறந்தா பாப்பா எழுந்து நடக்கும்னு கோயில்ல சாமி வந்து சொல்லிடுச்சி. அக்கா உங்கிட்ட சொல்லல?"

சொல்லவில்லை. இதைக் கேட்டதும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினது போல இருந்தது. வீட்டைச் செய்பவர்களுக்கு இது தெரியாதே, அவர்கள் வீல்சேரை மனதில் வைத்துத்தானே படம் போட்டிருப்பார்கள்.

"நாலடி" என்றேன்.

"அதுவரைக்கும் சரிவு வச்சி ஏத்திடலாம்" என்றார் கலியபெருமாள். "லாரியிலயே பலகை வச்சி ஏத்தறோம்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கடைக்கால் தோண்டி முடிந்தது. மில்லில் பெல்ட் அறுந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பேஸ்மட்டம் நிமிர்ந்துவிட்டது. கான்கிரீட்டுக்குத் தண்ணீர் கட்டியிருக்கிறோம், அதில் தவளை குடியேறியிருக்கிறது. புதுமனை புகுந்த முதல் ஆள்.

ஜெனிட்டா போட்டோ கேட்டாள். மேலே ஏறி நின்று, வீட்டைப் பிடித்து இறுக்கப் பதித்த போல்ட் எல்லாம் வரிசையாகத் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பினேன். "மட்டம் சூப்பர் சார். தரையிலேந்து ஒசரம் படத்துல இருக்கறதுதானே?" என்றாள். மில்லில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "ஆங், ஆங்" என்றேன். மெஷின் சத்தத்தில் என்ன சொன்னேன் என்று அவளுக்குக் கேட்டிருக்காது.

சாயங்காலம் வினோ அதையே கேட்டாள். மெஷின் நின்றிருந்தது.

"கொஞ்சம் ஏத்தியிருக்குதும்மா. தண்ணி வருதில்ல."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்தான். அம்மா எங்க, போன அம்மாகிட்ட குடு."

செப்டம்பர் 7, ஞாயிறு

வினோ இன்று வீல்சேரோடு ஒரு சாண் உயரத் திட்டில் யார் உதவியும் இல்லாமல் ஏறிவிட்டாளாம். முன் சக்கரத்தைத் தூக்கி, ஒரு உந்து உந்தி. மூன்று வாரம் பழகினாளாம். போனில் சொல்லும்போது மூச்சு வாங்கியது. கை இரண்டும் காய்த்துவிட்டதாம்.

"பாத்தியா, ஒரு சாண் ஏறினவளுக்கு நாலடி எம்மாத்திரம்" என்று அஞ்சலாட்சியிடம் சொன்னேன்.

"என்னா நாலடி?" என்றாள்.

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

முன்வாசலுக்குப் படி கட்டி முடித்தார் கலியபெருமாள். ஐந்து படி. ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். தையில் வினோ வலது காலை எடுத்து வைத்து ஏறுவாள். நான்காக இருந்தால் இடது காலில் முடியும்.

செப்டம்பர் 25, வியாழன்

வீடு வந்தது.

காலையில் மெயின் ரோட்டில் இரண்டு ட்ரெய்லர் நின்றன. நீல தார்ப்பாய் போர்த்திய இரண்டு பெட்டிகள். டீக்கடையில் ஒருவர், "எந்த ஊருக்குப்பா சர்க்கஸ்?" என்று கேட்டார். என் வீடு என்று சொன்னேன். "உள்ள யானை இருக்குதா?" என்றார்.

கரண்டு ஆபீசில் கேட்டு மதியம் வரை லைன் நிறுத்தி வைத்திருந்தோம். அதற்குள் கிரேன் வேலை முடிய வேண்டும். ஆண்டவர் நகரே கூடிவிட்டது. வாத்தியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். முதல் பெட்டி கம்பியில் தொங்கியபடி மேலே போனது. ஜன்னல், கதவு, குழாய், எல்லாவற்றோடும். வினோ தாளில் வரைந்தது ஆகாயத்தில் ஆடிக்கொண்டு நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் அரைத்த கையால் துடைத்துக்கொண்டதில் இன்னும் கலங்கியது.

அப்போதுதான் ஃபேக்டரி சூப்பர்வைசர் வந்து, "சார், படத்துல வேற இருக்குதே, இது இவ்ளோ ஒசரம் இருக்குது. ரேம்ப் எங்க வரும்?" என்றார்.

"முன்னால வந்துடும்."

"முன்னால எட்டடிதானே இருக்குது?"

கிரேன்காரர் மேலிருந்து கத்தினார்: "வைக்கவா, வேணாவா? கரண்டு வந்துடும்யா!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாத்தியார்கூட நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வையுங்க, வையுங்க" என்றேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

சூப்பர்வைசர் கிளம்பும் முன் சொல்லிவிட்டுப் போனார். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சரிவு வேண்டுமாம். அதற்குக் குறைந்தால் வீல்சேரில் இருப்பவர் தானே உருட்டிக்கொண்டு ஏற முடியாதாம்.

நாலு பன்னிரண்டு நாற்பத்தெட்டு. கணக்கில் நான் எப்போதும் பெயில்தான். ஆனால் இது சரியாக வருகிறது. திரும்பத் திரும்பப் போட்டாலும் சரியாகவே வருகிறது.

மடித்து மடித்துப் போடலாமா என்று கலியபெருமாள் கயிறு கட்டிப் பார்த்தார். வண்டி திரும்புவதற்கே இடமெல்லாம் போய்விடுகிறது. "எட்டடியிலயே போட்டுத் தரேன் வுடு. பாப்பாவுக்குக் கொஞ்ச நாளுக்குத்தானே" என்றார்.

அக்டோபர் 8, புதன்

படிக்குப் பக்கத்திலேயே சரிவு காய்ந்துவிட்டது. பார்க்கக் குழந்தைகள் சறுக்கு விளையாடுகிற மாதிரி இருக்கிறது. மருந்துக்கடையில் ஒரு வீல்சேர் வாடகைக்கு எடுத்து வந்தேன். நானே உட்கார்ந்து ஏறிப் பார்ப்பது என்று முடிவு.

வாத்தியார் வீட்டுக் காம்பவுண்டில் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். முதல் உந்தில் ஒரு முழம் ஏறினேன். கை விட்டதும் வந்த வழியே திரும்பினேன். இரண்டாவது தடவை தூரத்திலிருந்து உருட்டிக்கொண்டு வந்த வேகத்தில் பாதி வரை போய், முன்சக்கரம் மேலே தூக்கி, வானத்தைப் பார்த்தபடி மல்லாந்தேன். கலியபெருமாள் பிடிக்கவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். தலையில் லேசாக வீக்கம்.

"ஏறறதுதானய்யா கஷ்டம்? எறங்கிப் பாரு" என்றார்.

மேலே தூக்கி வைத்தார்கள். இறங்கினேன். ரோட்டைத் தாண்டி எதிர் மனைக் கருவேலத்தில் போய் நின்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். பைக்கில் வந்த ஒருவன் அப்போதுதான் அந்த இடத்தைக் கடந்திருந்தான். ஒரு நொடி முன்னால் கடந்திருந்தான்.

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. முள் எடுக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

ஜெனிட்டாவிடம் பேசினேன். வீட்டைத் தூக்கி, பேஸ்மட்டத்தை உடைத்துத் தாழ்த்தி, திரும்ப வைக்க முடியுமா என்று. இரண்டு பெட்டியையும் ஒட்டி அடைத்தாகிவிட்டது, பிரித்தால் ஒழுகும், பிரித்தாலும் மழைக்காலத்தில் கிரேன் அந்த மண்ணில் நிற்காது என்றாள். லிஃப்ட் ஒன்று இருக்கிறது என்று விலை சொன்னாள். மில்லை விற்றால் பாதி வாங்கலாம்.

"சார், நான் ஆகஸ்ட்ல கேட்டேனே சார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அழுதுவிடுவாள் போலிருந்தது. நானே அவளைச் சமாதானப்படுத்தி வைத்தேன்.

வாத்தியார் வீட்டுக்கு எதிர்ப்புறம், எங்களை ஒட்டிய மனைக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். அவர் இடத்தில் சரிவை நீட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். பொண்ணு கல்யாணத்துக்கு விற்க வைத்திருக்கிற மனை, அதில் திட்டு கிட்டு வேண்டாம் என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அக்டோபர் 23, வியாழன்

மூன்று நாளாக மழை. ஆண்டவர் நகர் முழுக்கத் தண்ணீர். வாத்தியார் வீட்டு வாசலைத் தொட்டுவிட்டது. ராசவேலு வீட்டில் மறுபடியும் கட்டில் மேல் கட்டில். எங்கள் வீடு மட்டும் தீவு மாதிரி நிற்கிறது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. ராசவேலு குடும்பத்தோடு அங்கே வந்து தங்கியிருக்கிறான்.

"மாமா, நீ பெரிய ஆளு" என்றான். வாத்தியார் இடுப்பளவு தண்ணீரில் நின்று, "தெய்வசிகாமணி, தொலைநோக்கு!" என்று கத்தினார். வாழ்நாளில் ஒரு வாத்தியார் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 2, ஞாயிறு

வினோ வந்துவிட்டாள்.

வேனின் பக்கக் கதவு திறந்ததும் வீட்டைப் பார்த்தாள். நான் பேசிக்கொண்டே இருந்தேன், தண்ணீர் எங்கே வரை வந்தது, வாத்தியார் என்ன சொன்னார் என்று. அவள் படியை எண்ணினாள். சரிவைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும்.

"எத்தனை அடிப்பா?"

"நாலு."

தலையாட்டினாள். அஞ்சலாட்சிதான் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

ராசவேலு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தூக்கினோம். "பாப்பா பயப்படாத" என்றான் ராசவேலு. வினோ கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளே எல்லாம் அவள் நினைத்த மாதிரியே இருந்தது. கதவு கதவாகப் போய்த் திறந்து பார்த்தாள். விளக்கைப் போட்டாள், அணைத்தாள். குளியலறைக்குத் தானே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "குழாய் கரெக்டா எட்டுதுப்பா" என்றாள்.

பிறகு வாசலுக்கு வந்து கதவைத் திறந்து, விளிம்பு வரை போனாள். நான் ஓடிப்போய்ப் பின்னால் பிடித்தேன்.

"வுடுங்கப்பா. எங்க நிறுத்தணும்னு தெரியும்."

நவம்பர் 5, புதன்

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கீழே இறக்கி ஏற்றினோம். நானும் ராசவேலுவும்.

நவம்பர் 14, வெள்ளி

ராசவேலு நெய்வேலி வேலைக்குப் போய்விட்டான். தனியாக முதுகில் சுமந்து இறக்கினேன். "அடுத்த வருஷம் கோடையில வீட்டத் தாழ்த்திடலாம்மா" என்றேன். "சரிப்பா" என்றாள். அப்புறம், "உங்களுக்கு மில்லு இருக்குதில்ல, நேரமாவுது" என்றாள். பாதித் தெருவிலேயே திரும்பிவிட்டோம்.

நவம்பர் 21, வெள்ளி

வெளியே போகலாமா என்று கேட்டேன். வேலை இருக்குது என்றாள். ஆன்லைனில் ஏதோ படிக்கிறாளாம். போன வாரமும் இதையேதான் சொன்னாள்.

அஞ்சலாட்சி இப்போது என்னோடு பேசுகிறாள். "வீட்டோட இருந்தா இருக்கட்டும். பத்திரமா இருக்குது" என்றாள். எனக்கும் சரி என்றுதான் பட்டது. மில்லில் இன்று சீயக்காய். மூன்று தடவை ஜல்லடையை மாற்ற மறந்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

வடலூரிலிருந்து சபாநாயகம் என்பவர் தன் தம்பியோடு காரில் வந்தார். ஃபேக்டரி வீடு வைத்திருக்கிறோம் என்று கேள்விப்பட்டு, தானும் ஒன்று வைக்க விசாரித்துவிட்டுப் போக. அவர் அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. வீல்சேர்தான்.

"கட்டறதுக்கு முன்னாடி என்னென்னா தெரிஞ்சிக்கணும், சொல்லுங்க. உங்களுக்குத்தான் அனுபவம்" என்றார்.

அனுபவம் என்று ஒருவர் சொன்னால் எனக்குத் தலை நிற்காது. டீ கொடுத்துவிட்டு ஆரம்பித்தேன். ட்ரெய்லர் வருகிற ரோட்டை ஒரு தடவை நடந்து பார்க்கணும். மரக்கிளையை முன்னாடியே வெட்டிவிடணும், இல்லாவிட்டால் ஜன்னலில் இடிக்கும். கரண்டு ஆபீசில் ஒரு வாரம் முன்னால் எழுதிக் கொடுக்கணும். குழாய், செப்டிக் டேங்க் எங்கே என்பதை வீடு வருவதற்கு முன்னாலேயே முடிவு பண்ணணும், வந்த பிறகு மாற்றுவது ஆணி அடிக்கிற மாதிரி லேசான வேலை இல்லை. சுவிட்ச் உயரம், கதவு அகலம் எல்லாம் அம்மாவை உட்கார வைத்து அளந்து கொடுங்கள். சபாநாயகம் போனில் குறித்துக்கொண்டார். வினோ கதவருகில் இருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பேஸ்மட்டம் இதே மாதிரி நாலடி போட்டுடறேன்" என்றார். "எங்க பக்கமும் தண்ணி நிக்கும். ஒசரமா இருந்தா பாக்கவும் எடுப்பா இருக்குது. அம்மா எங்க போவப் போறாங்க, வீட்டோடதான்."

டீ ஆறிவிட்டிருந்தது. குடித்தேன். வினோ என்னைப் பார்க்கவில்லை. சபாநாயகத்தின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரை அடி போடுங்க" என்றேன்.

"அரை அடியா? தண்ணி உள்ள வந்துடுமே."

"வரும். வருஷத்துல ரெண்டு நாளோ மூணு நாளோ. அம்மாவ அப்போ தம்பி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மிச்ச நாளெல்லாம் அவங்க எறங்கி வெளிய வரணுமில்ல."

"நீங்க நாலு போட்டிருக்கீங்களே?"

வாயில் ஏதாவது வேடிக்கையாக வரும் என்று பார்த்தேன். எப்போதும் வரும்.

"எம் பொண்ணு தைக்குள்ள எழுந்து நடந்துடும்னு போட்டேன்" என்றேன்.

சபாநாயகம் போனைச் சட்டைப்பையில் வைத்தார். அவர் தம்பி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். சமையலறையில் அஞ்சலாட்சி பாத்திரம் துலக்குவதை நிறுத்தினாள்.

வினோதான் பேசினாள். "அண்ணே, போறப்ப என்னையும் கீழ எறக்கி வுட்டுட்டுப் போறீங்களா?"

அண்ணன் தம்பி இருவரும் வண்டியோடு சேர்த்து இறக்கிவிட்டார்கள். கார் போனது. அவளும் போனாள். தெருவில் தண்ணீர் வடிந்து சேறு காய்ந்திருந்தது. பள்ளம் பார்த்து ஒடித்து ஒடித்துப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பின்னால் போகவில்லை. வாசலில் நின்றேன். இரண்டாவது முக்கு திரும்பும் வரை தெரிந்தாள்.

இருட்டுக்கு முன் திரும்பி வந்து படிக்கு அடியில் நிறுத்தினாள். கூப்பிடவில்லை. நான் இறங்கிப்போய்க் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். அப்போது இரண்டு பேரும் ஒரே உயரம்.

"எதுவரைக்கும் போன?"

"மெயின் ரோடு. டீ குடிச்சேன். யானை இருந்த வீட்டுப் பொண்ணான்னு கேட்டாரு கடைக்காரரு. எனக்கு ஒண்ணும் புரியல."

சொன்னேன். கொஞ்சம் சிரித்தாள்.

"தண்ணிக்காகத்தான் ஏத்தினீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"அதுவும்தான்."

"எங்கிட்ட ஏப்ரல்லயே சொல்லிட்டாங்கப்பா. நடக்க முடியாதுன்னு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

கொசு கடித்தது. அவள் காலில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. நான் அடித்தேன்.

"நாளைக்கு எறக்கி வுடுவீங்களா?"

"வுடறேன்."

"நாளன்னிக்கு?"

"தெனம் வுடறேம்மா."

"உங்களுக்கு இப்போ அம்பத்திநாலு."

"அதுக்கென்ன?"

"அறுவதுல?"

"அறுவதுலயும் தூக்குவேன். வேணும்னா பாண்டு பேப்பர்ல எழுதித் தரேன்."

"எழுவதுல?"

மேலிருந்து அஞ்சலாட்சி தோசை ஆறுகிறது என்று கூப்பிட்டாள். எழுந்து, குனிந்து, வினோவைத் தூக்கினேன். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கண்ணை மூடவில்லை. ஒரு படி, இரண்டு படி ஏறினேன். மூன்றாவதில் மூச்சு வாங்கியது, நின்றேன்.

"கொஞ்சம் எறக்கி வச்சிட்டு அப்பறம் ஏறுங்கப்பா" என்றாள் காதருகில்.

சுற்றிப் பார்த்தேன். அங்கே அவளை இறக்கி வைக்க இடமில்லை.